இதயப் பாதிப்பைக் காட்டும் இரத்தப் புரதங்கள்

இதயத்தில் ஏற்படும் பாதிப்பை அறிய இரத்தத்தில் அளவிடப்படும் புரதங்கள் இதயக் குறிப்பான்கள் எனப்படும். இவற்றுள் முதன்மையானது ட்ரோபோனின். இதயத் தசை சேதமடைந்துள்ளதா என்பதை ட்ரோபோனின் காட்டும். இதயம் சுமை தாங்காமல் திணறுகிறதா என்பதைப் பி.என்.பி. காட்டும். வருங்கால அபாயத்தை மதிப்பிடச் சி.ஆர்.பி. ஓரளவு உதவும். எனவே ஒரு சோதனையின் விடையை மற்றொன்றின் கேள்விக்குப் பொருத்தக் கூடாது.

ட்ரோபோனின் என்றால் என்ன?

தசை சுருங்குவதையும் விரிவதையும் கட்டுப்படுத்தும் புரதத் தொகுதி ட்ரோபோனின். ஜப்பானிய அறிவியலாளர் செட்சுரோ எபாஷியும் அவர் குழுவினரும் 1960களில் இதைக் கண்டறிந்தனர். இதில் சி, ஐ, டி என மூன்று கூறுகள் உள்ளன. கால்சியம் சி கூறுடன் இணையும்போது தசை சுருங்குகிறது. ஐ, டி கூறுகளின் இதயத்துக்குரிய வடிவங்கள் எலும்புத்தசையில் உள்ளவற்றிலிருந்து வேறுபட்டவை. ஆகவே இவ்விரண்டையும் அளப்பதன் மூலம், பாதிப்பு இதயத் தசையில்தான் ஏற்பட்டுள்ளது என்று பெரும்பாலும் கூற முடிகிறது.

நலமாக உள்ளவர்களின் இரத்தத்தில் இதயத் ட்ரோபோனின் மிகச் சிறிதளவே இருக்கும். இதயத் தசைச் செல்கள் சிதைந்தால் அது கசிந்து இரத்தத்தில் கலக்கிறது.

வளர்ச்சி

மாரடைப்பைக் காட்டும் இரத்தச் சோதனையாக 1954இல் முதலில் அறிவிக்கப்பட்டது எஸ்.ஜி.ஓ.டி. என்னும் நொதி. இன்று கல்லீரல் சோதனை அறிக்கையில் நாம் காணும் அதே எஸ்.ஜி.ஓ.டி.தான் இது. கல்லீரல் பாதிப்பிலும் தசைக் காயத்திலும் கூட இது உயர்வதால் இதயத்துக்கென்று தனித்த அடையாளமாக அமையவில்லை. பின்னர் சி.கே.-எம்.பி. என்னும் நொதி வடிவம் பயன்பாட்டுக்கு வந்தது. 1980களின் இறுதியில் ட்ரோபோனின் ஐ, டி ஆகியவற்றை அளக்கும் முறைகள் உருவாயின. 2000ஆம் ஆண்டில் ஐரோப்பிய, அமெரிக்க இதயவியல் அமைப்புகள் மாரடைப்பின் வரையறையைத் திருத்தியபோது, ட்ரோபோனினுக்கு முதலிடம் அளித்தன.

அளவும் நேரமும்

நலமுள்ள 100 பேரில் 99 பேருக்கு எந்த அளவுக்குள் இருக்குமோ, அதுவே ட்ரோபோனினின் மேல் எல்லையாகக் கொள்ளப்படுகிறது. இந்த எல்லை சோதனைக் கருவிக்கேற்ப மாறும். ஓர் ஆய்வகத்தின் எண்ணை மற்றோர் ஆய்வகத்தின் எண்ணோடு நேரடியாக ஒப்பிடுவது தவறு.

எண்ணைப் போலவே நேரமும் முக்கியம். பழைய முறைகளில் வலி தொடங்கி 3 முதல் 6 மணி நேரம் கழித்தே உயர்வு தென்படும். இன்றைய உயர் உணர்திறன் சோதனைகள் அதைவிட முன்னதாகவே காட்டிவிடும். ஏறத்தாழ ஒரு நாளுக்குள் உச்சத்தை எட்டும் ட்ரோபோனின், ஒரு வாரத்துக்கு மேலும் இரத்தத்தில் நீடிக்கலாம்.

வலி தொடங்கி அரை மணி நேரத்தில் எடுத்த இரத்தத்தில் அளவு இயல்பாக இருந்தால், அதை வைத்து மாரடைப்பு இல்லை என்று முடிவு செய்ய முடியாது. அதனால்தான் ஒன்று முதல் மூன்று மணி நேர இடைவெளியில் மீண்டும் இரத்தம் எடுக்கிறார்கள். அளவு ஏறுகிறதா, இறங்குகிறதா, அப்படியே நிற்கிறதா என்பதே மருத்துவருக்கு வேண்டிய செய்தி.

மாரடைப்பு இல்லாமலும் உயருமா?

உயரும். கிழிந்த மூட்டையிலிருந்து நெல் தரையில் சிந்துகிறது என்று வைத்துக்கொள்வோம். சிந்திய நெல்லைப் பார்த்து மூட்டை கிழிந்துள்ளது எனச் சொல்லலாம். எலி கடித்ததா, ஆணி கிழித்ததா என்று அறிய மூட்டையைத்தான் பார்க்க வேண்டும். ட்ரோபோனினும் அவ்வாறே சேதத்தைச் சொல்லும், காரணத்தைச் சொல்லாது. இதயத் தசை அழற்சி, நுரையீரல் தமனியில் இரத்தக்கட்டி, கடும் நோய்த்தொற்று, நெடுந்தூர ஓட்டம் ஆகியவற்றிலும் இது உயரலாம். நாட்பட்ட சிறுநீரக நோயில் பெரும்பாலும் மாறாமல் உயர்ந்தே இருக்கும். மாரடைப்பிலோ ஏறி இறங்கும்.

இதன் மறுபக்கமும் உண்டு. இதயத் தமனியில் அடைப்பு இருந்தும் தசை இன்னும் சேதமடையாதவருக்கு ட்ரோபோனின் இயல்பாகவே இருக்கலாம்.

பி.என்.பி.யும் சி.ஆர்.பி.யும்

பி.என்.பி. ஒரு சிறு புரதத் துண்டு. 1988இல் பன்றியின் மூளையில் கண்டறியப்பட்டதால் மூளையின் பெயரைப் பெற்றது. ஆனால் இதை மிகுதியாகச் சுரப்பது இதயத்தின் கீழறைகளே. கீழறைச் சுவர் இழுபடும்போது சுரந்து, உப்பையும் நீரையும் சிறுநீரில் வெளியேற்றி இதயத்தின் சுமையைக் குறைக்கிறது. மூச்சுத்திணறலோடு வருபவருக்கு பி.என்.பி. மில்லிலிட்டருக்கு 100 பிகோகிராமுக்குக் கீழ் இருந்தால், இதயச் செயலிழப்பு காரணமாக இருக்கும் வாய்ப்பு குறைவு. முதுமையிலும் சிறுநீரக நோயிலும் இது உயரும். உடற்பருமன் உள்ளவர்களிடம் தாழ்ந்து காணப்படும்.

சி.ஆர்.பி. கல்லீரலில் உருவாகும் அழற்சிப் புரதம். உயர் உணர்திறன் சோதனையில் லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குக் கீழ் குறைந்த அபாயம், 3க்கு மேல் மிகுந்த அபாயம் எனக் கொள்வர். சாதாரணக் காய்ச்சலிலும் இது உயர்வதால், அச்சமயத்தில் எடுத்த அளவை இதயத்தோடு பொருத்தக் கூடாது.

கவனிக்க வேண்டியவை

நெஞ்சுவலிக்கு முதல் சோதனை இ.சி.ஜி. மருத்துவமனையை அடைந்த 10 நிமிடங்களுக்குள் அது எடுக்கப்பட வேண்டும் என்பது நெறிமுறை. அதில் தமனி முழுதும் அடைபட்டதற்கான அடையாளம் தெளிவாக இருந்தால், ட்ரோபோனின் முடிவுக்காகக் காத்திராமல் சிகிச்சை தொடங்கப்படும். முடி வளர்ச்சிக்காக உட்கொள்ளும் பயோட்டின் மாத்திரை, சில ட்ரோபோனின் சோதனைகளில் அளவைக் குறைத்துக் காட்டும். அதை உட்கொள்பவர் மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.

நெஞ்சுவலியோடு தனி ஆய்வகத்துக்குச் சென்று, இயல்பான முடிவைப் பெற்று வீடு திரும்புவது ஆபத்தானது. இச்சோதனை நோயாளியின் அறிகுறி, இ.சி.ஜி., மறுமுறை எடுத்த அளவு ஆகியவற்றோடு சேரும்போதுதான் முழுப்பொருள் பெறுகிறது. அவை மூன்றையும் ஒருங்கே பார்க்கும் இடம் மருத்துவமனையே.