பரங்கிமலை ஆலயமும் பஹ்லவிக் கல்வெட்டும்

சென்னைப் பரங்கிமலையின் உச்சியில் அன்னை மரியாவின் ஆலயம் அமைந்துள்ளது. திருத்தூதர் தோமா கி.பி. 72இல் இம்மலையில் உயிர்நீத்தார் என்பது வழிவழி நம்பிக்கை. பரங்கியர் எனப்பட்ட போர்த்துக்கீசியர் 1523இல் இவ்வாலயத்தை எழுப்பினர். மலையின் பெயரும் அவர்களையே சுட்டுகிறது. எனினும், 1547இல் இங்குக் கண்டெடுக்கப்பட்ட கற்சிலுவை அவர்தம் வருகைக்குப் பல நூற்றாண்டுகள் முற்பட்டது. 1558 டிசம்பர் 18 அன்று திருப்பலியின்போது அதில் குருதி கசிந்தது என்பர். ஆண்டுதோறும் அந்நாளில் திருவிழா நிகழ்கிறது. சிலுவையைச் சுற்றியுள்ள எழுத்து பாரசீகத்தின் பஹ்லவி. கோட்டயம் வலியபள்ளியிலும் இதையொத்த சிலுவைகள் உள்ளன. இக்கல்வெட்டு தோமாவின் வருகைக்குச் சான்றாகாது. பாரசீகத் திருச்சபையோடு உறவுகொண்ட கிறித்தவர் போர்த்துக்கீசியருக்கு முன்பே தென்னிந்தியாவில் வாழ்ந்தனர் என்பதை உறுதிப்படுத்துகிறது. ஆகவே, மலையின் பெயரைக்கொண்டு அதன் கிறித்தவ வரலாற்றைப் பரங்கியரிடமிருந்து தொடங்குதல் பொருந்தாது.