மலைப் பனியும் காற்றும்: முன்னறிவிப்பைப் பயன்படுத்தும் முறை

பயிர்த்தொழிலில் ஈடுபட்டோருக்கு மண்ணும் நீரும் எத்துணை இன்றியமையாதனவோ, அத்துணை இன்றியமையாதது காற்றும் பனியும் வரும் காலத்தை முன்கூட்டி உணரும் அறிவாகும். உழுது, எருவிட்டு, கடன் வாங்கி வளர்த்த பயிர் ஓரிரவின் பனியாலோ, அரை நாழிகைச் சூறைக்காற்றாலோ அழிவதைக் காணாத கிராமம் இல்லை. இவ்வழிவைத் தடுக்க மனிதனால் முழுவதும் இயலாது. ஆயினும் அதில் ஒரு பகுதியையேனும் குறைத்துக்கொள்ள இயலும். அதற்கு வானிலை அறிவிப்பு ஒன்று, தன் நிலத்தைத் தானே கவனித்து எழுதி வைக்கும் பழக்கம் ஒன்று, ஆக இரண்டும் வேண்டும். இவற்றுள் ஒன்று மற்றொன்றின் வேலையைச் செய்யாது.

இடத்தின் அமைப்பு

1947-ஆம் வருஷத்தில் டாக்டர் சௌந்தரம் அம்மையாரும் ஜி. ராமச்சந்திரன் அவர்களும் தோற்றுவித்த காந்திகிராமம், திண்டுக்கல்லிலிருந்து மதுரை செல்லும் சாலையில், அம்பாத்துரைக்கும் சின்னாளபட்டிக்கும் அருகில் அமைந்துள்ளது. அதன் கிழக்கே சிறுமலை நிற்கிறது. மேற்கே, நேர்த்தூரத்தில் ஏறக்குறைய 50 கிலோமீட்டருக்கு அப்பால், பழனி மலைத் தொடரின்மீது கொடைக்கானல் இருக்கிறது. சமவெளிக்கும் கொடைக்கானலுக்கும் உயர வேற்றுமை சுமார் 1,800 மீட்டர். பொதுவாக 1,000 மீட்டர் ஏறினால் உஷ்ணநிலை 6 அல்லது 7 டிகிரி குறையும். ஆகவே கீழே இதமான குளிர் நிலவும் தை மாத விடியலில், மேலே புல்லின்மீது பனி உறைந்து கிடப்பதில் வியப்பில்லை. ஒரே ஜில்லாவுக்குள் இவ்விரு நிலைகளும் இருப்பதால், ஜில்லா முழுமைக்கும் சொல்லப்படும் ஒரு வாக்கியம் ஒவ்வொரு வயலுக்கும் ஒரே விதமாகப் பொருந்தாது என்பதை முதலில் மனத்திற் கொள்ளவேண்டும்.

உறைபனியின் இயல்பு

இமயமலையிற் பெய்வது போன்ற வெண்பனி நம் மலைகளிற் பெய்வதில்லை. இங்கு காண்பது உறைபனி. மார்கழி, தை மாதங்களில் கொடைக்கானல் ஏரியைச் சார்ந்த தாழ்ந்த வெளிகளிலும், மேல்மலைக் கிராமங்களின் பள்ளங்களிலும் இது தோன்றுகிறது. பகலில் சூரியனிடம் பெற்ற வெப்பத்தை நிலம் இரவில் வானத்தை நோக்கி விட்டுவிடுகிறது. மேகம் இருந்தால் அது போர்வைபோல் நின்று வெப்பத்தைத் தடுக்கும். காற்று வீசினால் மேலுள்ள சூடான காற்று கீழுள்ள குளிர்ந்த காற்றோடு கலந்துவிடும். மேகமும் இன்றி, காற்றும் ஓய்ந்து, ஈரப்பதமும் குறைந்துள்ள இரவிலேதான் இலையின் உஷ்ணம் நீர் உறையும் நிலைக்குக் கீழே இறங்குகிறது.

குளிர்ந்த காற்று கனமானது. அது தண்ணீரைப் போலவே சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்கும். ஆகையால் மேட்டு வயல் தப்பிக்க, அடுத்த பள்ளத்து உருளைக்கிழங்கும் பீன்ஸும் கருகிப்போவதுண்டு. மேலும், நிலையங்களில் உஷ்ணமானி தரைக்கு மேல் சுமார் 1.2 மீட்டர் உயரத்தில் வைக்கப்படுகிறது. அது 3 டிகிரி காட்டும்போதே, தரையோடு ஒட்டிய இலையில் பனி உறைந்திருக்கக்கூடும். ஆதலால் "குறைந்த உஷ்ணநிலை 3 டிகிரி" என்ற அறிவிப்பைப் பள்ளத்து விவசாயி ஆபத்தில்லை என்று பொருள்கொள்ளலாகாது. மாலையில் வானம் தெளிந்து, மரக்கிளை அசையாது நின்றால், நாற்றங்காலை வைக்கோலால் மூடுவதும், நிலத்துக்கு முன்னதாகவே நீர் பாய்ச்சி ஈரமாக வைப்பதும் நலம். ஈர மண் பகல் வெப்பத்தை அதிகம் சேமித்து, இரவில் மெல்ல வெளிவிடும்.

சமவெளியில் பனி செய்வது

"தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும்" என்பது பழமொழி. சமவெளியில் பனி உறைவதில்லையாயினும், அதன் தீங்கு சிறிதன்று. சிறுமலை அடிவாரத்தில் வெள்ளோடு, ஜாதிக்கவுண்டன்பட்டி முதலிய ஊர்களின் திராட்சைப் பந்தல்களில், இலை நெடுநேரம் ஈரமாக இருக்குமானால் அடிச்சாம்பல் நோய் பரவ வழியுண்டாகும். மாம்பூவுக்கும் மூடுபனி தீங்கானது. நிலக்கோட்டைப் பக்கத்து மல்லிகை, பனிக்காலத்தில் மொட்டு விடுவது குறைந்து, சந்தையில் விலை ஏறுவதை யாவரும் அறிவர்.

இங்கு கவனிக்கவேண்டியது பனியின் அளவு மாத்திரமன்று, அது இலையில் தங்கும் நேரமுமாகும். காலையில் எத்தனை மணிக்கு இலை உலர்கிறது என்பதை நாள்தோறும் குறித்து வருபவர், மருந்து தெளிக்கவேண்டிய நாளையும் வீண் செலவாகும் நாளையும் பிரித்தறிய வல்லவராவார். இதற்குக் கருவி ஏதும் தேவையில்லை. கண்ணும், கடிகாரமும், ஒரு நோட்டுப் புத்தகமும் போதும்.

காற்றின் வழி

தென்மேற்குப் பருவக்காற்று மேற்குத் தொடர்ச்சி மலையின் மேற்குப் புறத்தில் மழையைப் பொழிந்துவிட்டு, கிழக்கே இறங்கும்போது உலர்ந்த காற்றாகிறது. சுமார் 30 கிலோமீட்டர் அகலமுள்ள பாலக்காட்டுக் கணவாய் வழியே அது வேகமாகப் புகுந்து, கோயம்புத்தூர், உடுமலை, தாராபுரம் வட்டாரங்களைக் கடந்து வருகிறது. பழனி, ஒட்டன்சத்திரம் பக்கங்களில் அதன் வேகம் நன்கு உணரப்படும். பழனி மலையின் மறைவிலும் சிறுமலையின் அணைவிலும் உள்ள ஊர்களில் காற்றின் திசையும் வேகமும் ஊருக்கு ஊர் வேறுபடும். ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பர். அம்மி பறவாவிடினும், வாழையிலை கிழிந்து நாராவதும், நிலத்தின் ஈரம் விரைவில் வற்றுவதும் கண்கூடு.

இப்பெருங்காற்றோடு, மலைக்கும் சமவெளிக்கும் இடையே நாள்தோறும் ஓடும் சிறு காற்றும் உண்டு. பகலில் மலைச்சரிவு சூடேற, காற்று மேல்நோக்கிச் செல்லும். இரவில் குளிர்ந்து கீழிறங்கும். சித்திரை, வைகாசியில் பிற்பகல் நேரத்தில் சிறுமலைமேல் மேகம் குவிந்து உயர்வது, இடியுடன் கூடிய மழைக்கும் அதற்கு முன்னோடும் சூறைக்காற்றுக்கும் அறிகுறியாகலாம். குலை தள்ளிய வாழைக்கு முட்டுக் கொடுக்கும் வேலையை மேகம் கண்டபின் தொடங்கினால் காலம் போதாது. குலை வெளிவரும் சமயத்திலேயே அதை முடித்து வைக்கவேண்டும். காற்று வரும் திசையில் சவுக்கோ அகத்தியோ வரிசையாக வளர்ப்பது நீடித்த பாதுகாப்பாகும். மருந்து தெளிப்பதற்குக் காற்று அடங்கிய அதிகாலையே தக்க நேரம். சூரியன் ஏறியபின் காற்று வலுத்து, மருந்து அயலார் வயலுக்குச் செல்லும்.

தூரத்து மலையும் நம் மழையும்

1876 முதல் 1878 வரை தென்னாட்டில் நேர்ந்த கொடிய பஞ்சம், மழையை முன்னறிய வேண்டும் என்ற எண்ணத்தை அரசாங்கத்தாரிடம் வலுப்படுத்தியது. 1875-இல் நிறுவப்பட்ட இந்திய வானிலைத் துறையின் முதல் தலைவர் பிளான்போர்டு, இமயமலையில் குளிர்காலப் பனி மிகுந்தால் அடுத்த பருவ மழை குறைகிறது என்று கருதினார். அதை அடிப்படையாகக் கொண்டு 1886 முதல் பருவ முன்னறிவிப்பு ஒழுங்காக வெளியிடப்பட்டது. சூரியனின் மாறுதல்களுக்கும் மழைக்கும் தொடர்பு காணும் நோக்கமும் சேர்ந்தே, 1899-இல் கொடைக்கானல் சூரிய ஆராய்ச்சி நிலையம் ஏற்பட்டது. பின்னர், பனி ஒன்றையே நம்பிக் கணிப்பது எல்லா வருஷங்களிலும் பலிக்கவில்லை என்பது தெளிவாயிற்று. கில்பர்ட் வாக்கர் உலகெங்கும் உள்ள நிலையங்களின் காற்றழுத்தக் குறிப்புகளை ஒப்பிட்டு, பசிபிக் பெருங்கடலுக்கும் இந்தியப் பெருங்கடலுக்கும் இடையே அழுத்தம் ஏறி இறங்குவதைக் கண்டறிந்தார். இன்றைய கணிப்புகளில் கடல்நீரின் வெப்பத்துக்கும் முக்கிய இடமுண்டு.

இவ்வரலாற்றில் நம் ஜில்லாவுக்கு ஒரு பாடம் இருக்கிறது. நாட்டின் பெரும்பகுதிக்குத் தென்மேற்குப் பருவமே உயிர். திண்டுக்கல் சமவெளிக்கோ, வருஷ மழையில் ஏறக்குறைய பாதி ஐப்பசி முதலான வடகிழக்குப் பருவத்திலேயே கிடைக்கிறது. 2015-இல் தென்மேற்கு மழை நாடு முழுமைக்கும் சராசரியில் 86 சதவீதமாகக் குறைந்தது. ஆனால் அவ்வருஷம் தமிழ்நாட்டில் வடகிழக்கு மழை சராசரியை வெகுவாக மிஞ்சியது. 2016-இல் தென்மேற்கு மழை 97 சதவீதம் கிடைத்தும், தமிழ்நாட்டின் வடகிழக்கு மழை 62 சதவீதம் குறைந்து, கடும் வறட்சி உண்டாயிற்று. எனவே "இவ்வாண்டு பருவமழை நன்றாயிருக்கும்" என்ற செய்தியைக் கேட்டவுடன் விதையும் உரமும் வாங்கப் புறப்படாமல், அது எந்தப் பருவத்தைப் பற்றியது, எந்தப் பிரதேசத்தைக் குறித்தது என்று விசாரிப்பது அவசியம்.

அறிவிப்பின் சொற்கள்

வானிலைத் துறையார் வழங்கும் சொற்களுக்கு அளவுண்டு. "ஓரிரு இடங்களில்" என்றால் அப்பகுதியிலுள்ள நிலையங்களில் கால் பங்குக்கு மேற்படாதவற்றில் மழை பெய்யும் என்பது பொருள். ஆகவே அந்த அறிவிப்பைக் கேட்ட நால்வரில் மூவர் வயலில் மழை இல்லாமற் போனாலும் அறிவிப்பு பொய்த்ததாகாது. 24 மணி நேரத்தில் 64.5 மில்லிமீட்டர் முதல் பெய்வது கனமழை. 115.6 முதல் மிகக் கனமழை. 204.4-க்கு மேற்பட்டது அதிகனமழை. ஒரு மில்லிமீட்டர் மழை ஓர் ஏக்கரில் ஏறக்குறைய 4,000 லிட்டர் நீராகும். இதை அறிந்தவர் தம் கிணற்று நீரையும் மின்சாரத்தையும் கணக்கிட்டுச் செலவிடலாம்.

செவ்வாய், வெள்ளி ஆகிய இரு நாட்களிலும் விவசாயிகளுக்கான வானிலை ஆலோசனை வெளிவருகிறது. 2024-ஆம் வருஷம் முதல் கிராமப் பஞ்சாயத்து அளவிலும் முன்னறிவிப்பு வழங்கப்படுகிறது. இவற்றைத் தம் நோட்டுப் புத்தகத்தில் ஒரு பக்கத்திலும், தம் நிலத்தில் நடந்ததை எதிர்ப் பக்கத்திலும் எழுதிவருக. காலை 8.30 மணிக்கு மழைமானியின் அளவு, காற்றின் திசை, பனி உலர்ந்த நேரம், வானத்தின் நிலை ஆகிய நான்கும் போதும். இரண்டு மூன்று வருஷங்களில், அறிவிப்பு தம் ஊருக்கு எப்போது பொருந்துகிறது, எப்போது தவறுகிறது என்பது தெளிவாகும். இவ்வறிவை வேறெவரும் அவருக்குத் தர இயலாது.

நஷ்டக் கணக்கு

முன்னறிவிப்பு வாக்குறுதியன்று. பத்து முறையில் சில முறை தவறவே செய்யும். ஒருமுறை தவறியது கொண்டு அதை இகழ்வதும், ஒருமுறை பலித்தது கொண்டு கண்மூடி நம்புவதும் பிழையாகும். உதாரணமாக, நாற்றங்காலை ஓரிரவு மூடக் கூலி 200 ரூபாய் ஆகிறதென்றும், மூடாது விட்டு நாற்று அழிந்தால் 2,000 ரூபாய் நஷ்டமென்றும் வைத்துக்கொள்வோம். பத்து இரவு மூடும் செலவு ஒரு முறை அழிவுக்குச் சமம். ஆகவே பத்தில் ஒரு பங்குக்கு மேல் ஆபத்து இருப்பதாகத் தோன்றினால் மூடுவதே லாபம். மற்ற ஒன்பது இரவுகளிலும் பனி வராமற் போனால், கூலி வீணாயிற்றென்று வருந்தவேண்டுவதில்லை. அது காவலுக்குக் கொடுத்த கூலி. திருடன் வராத இரவுக்கும் காவற்காரனுக்குச் சம்பளம் உண்டன்றோ?

கிராம அதிகாரிகளின் பங்கு

2018-ஆம் வருஷம் நவம்பர் 16-ஆம் தேதி வேதாரண்யம் பக்கத்தில் கரையேறிய கஜா புயல், கடலுக்கு வெகு தூரத்திலுள்ள கொடைக்கானல் மலை வரை மரங்களைச் சாய்த்துச் சென்றது. கடற்கரைக்குத்தானே புயல் என்ற எண்ணம் உள்நாட்டு ஜில்லாவுக்குப் பொருந்தாது என்பதை அது காட்டிற்று. ஆபத்தறிவிப்பு கிடைத்த அன்றைக்கே கிராம நிர்வாக அலுவலரும் பஞ்சாயத்துத் தலைவரும் அதை மலையடிவாரக் குடியிருப்புகள் வரை சேர்ப்பிக்கவேண்டும். கைப்பேசி இல்லாத முதியோர், தனித்த குடிசைகளில் வசிப்போர், மாடு மேய்க்கப் போனோர் ஆகியோரை யார் யார் சென்று அழைப்பது என்பதை முன்னரே வகுத்து வைப்பது நலம். மறுநாட் காலையில் சொன்ன செய்தி, சொல்லாத செய்தியேயாகும்.

நாள்தோறும் சிறிது கவனிப்பதும், கண்டதை மறைக்காமல் எழுதுவதும், சிறு செலவால் பெரு நஷ்டத்தைத் தடுப்பதும், தாம் அறிந்ததை அயலாருக்கு உரிய நேரத்தில் சொல்வதும் வானிலைக்கு மாத்திரம் உரிய பழக்கங்களல்ல. குடும்பக் கணக்கிலும், கடன் வாங்குவதிலும், பிள்ளைகளின் படிப்பிலும் இவையே கைகொடுப்பன. வரும் மார்கழி முதல் தேதியன்று ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி, அன்றைய காலைப் பனி எத்தனை மணிக்கு உலர்ந்தது என்ற ஒரு வரியை எழுதி இதைத் தொடங்கலாம்.