சுமைதாங்கியும் வண்டிப்பேட்டையும்

கிருஷ்ணன்கோவிலில் மதுரைப் பெருஞ்சாலையை விட்டுப் பிரிந்து, சுந்தரபாண்டியத்தின் தறியோசையையும் வத்திராயிருப்பின் நெல்வயல்களையும் கடந்து சதுரகிரி மலையை நோக்கிச் செல்லும் கிளைச்சாலையில் போகிறவர்கள், இன்று அரைமணி நேரத்தில் முடிந்துவிடும் இந்தப் பிரயாணம் ஒரு காலத்தில் தலைச்சுமையோடு நடந்து கழிக்கவேண்டிய பொழுதாக இருந்தது என்பதை எண்ணிப் பார்ப்பது அரிது. தெற்குச் சீமைச் சாலைகளின் சரித்திரத்தை எழுதப் புகுந்தவர்கள் பெரும்பாலும் ராணி மங்கம்மாளின் பெயரோடு தொடங்குவார்கள். அது நியாயந்தான், 1689 முதல் 1706 வரை மதுரையை ஆண்ட அந்த அம்மையாரின் நினைவு இன்றும் பல ஊர்களில் ‘மங்கம்மாள் சாலை’ என்ற பெயரில் வாழ்கிறது. எனினும் ராணிக்கு முன் ஒரு கல்லுக்கு வணக்கம் சொல்லிவிட்டுத் தொடங்கவே என் மனம் விரும்புகிறது.

சுமைதாங்கியைச் சொல்கிறேன். இரண்டு கற்களைச் செங்குத்தாக நட்டு, அவற்றின்மேல் ஒரு கல்லைக் குறுக்கே கிடத்தியிருப்பார்கள். அவ்வளவுதான் அதன் சிற்பம். ஆனால் அதன் உயரத்தை நிர்ணயித்தவனின் கருணையை என்னவென்று புகழ்வது! தலையில் மூட்டையோடு தனியே வருகிறவன், பிறர் கை உதவியை எதிர்பாராமல், நின்ற நிலையிலேயே பாரத்தை அதன்மேல் தள்ளி இறக்கிவைக்கவும், இளைப்பாறிய பின் குனியாமலே மீண்டும் தலைக்கு மாற்றிக்கொள்ளவும் தக்க உயரம் அது. வயிற்றில் பிள்ளையைச் சுமந்தபடியே மாண்டுபோன பெண்ணின் நினைவாக அவளுடைய குடும்பத்தார் இந்தக் கல்லை நடுவது வழக்கமாக இருந்தது. இறக்கிவைக்க முடியாத சுமையோடு போனவளுக்கு, வழிப்போக்கர் ஒவ்வொருவரும் இறக்கிவைக்கும் சுமையால் சாந்தி கிடைக்கும் என்பது அவர்கள் நம்பிக்கை. உலகில் எத்தனையோ தேசங்களில் சாலைகள் உண்டு. துக்கத்தை இவ்விதம் பிறருக்கான இளைப்பாறுதலாக மாற்றிய ஜனங்கள் வேறெங்கேனும் உண்டோ, நான் அறியேன்.

தலைச்சுமைக்குக் கல் எப்படியோ, வண்டிச்சுமைக்குப் பேட்டை அப்படி. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து மதுரைக்கு ஏறக்குறைய 75 கிலோமீட்டர். பாரவண்டி இழுக்கும் காளை ஒரு மணிக்கு மூன்று கிலோமீட்டர் போனால் அதிகம். வெயிலுக்கு அஞ்சி இரவிலே பூட்டி, அச்சில் தொங்கும் ராந்தல் வெளிச்சத்தில் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடர்ந்து வரும் வண்டிகள், விடியும்போது இருபது, இருபத்தைந்து கிலோமீட்டரைக் கடந்திருக்கும். அங்கே நுகத்தை இறக்கவேண்டும், மாட்டுக்குத் தண்ணீர் காட்டவேண்டும், தேய்ந்துபோன லாடத்தை மாற்றவேண்டும், சக்கரத்தின் இரும்புப்பட்டை தளர்ந்திருந்தால் கொல்லனைத் தேடவேண்டும்; வண்டிக்காரன் உலைவைக்க அரிசியும் புளியும் வாங்கவேண்டும். இத்தனை தேவைகளும் ஒருங்கே கூடும் இடத்தில் கடை முளைக்கும், தரகர் வருவார், சந்தை கூடும். இந்தச் சாலையில் திருமங்கலமும் டி. கல்லுப்பட்டியும் அமைந்திருக்கும் தூரத்தை அளந்து பார்த்தால், காளையின் களைப்பே ஊர்களுக்கு இடையிலுள்ள தூரத்தை விதித்தது என்று எனக்குத் தோன்றுகிறது.

அந்நாளில் வழிப்பறிக்கு அஞ்சாத வண்டியில்லை. ஆகவே நாடார் வணிகர்கள் விருதுப்பட்டி, சிவகாசி, அருப்புக்கோட்டை, திருமங்கலம் முதலிய ஊர்களில் சுற்றுமதிலும் கிணறும் உடைய பேட்டைகளை அமைத்து, வண்டியையும் சரக்கையும் இரவில் காத்தார்கள். அங்கே வந்திறங்கிய சரக்கின்மேல் சிறு தொகையை மகமையாக எடுத்துப் பொதுக்காரியங்களுக்குச் செலவிட்டார்கள். பின்னாளில் விருதுநகர் என்று பெயர் மாறிய விருதுப்பட்டியில் தொடங்கிய க்ஷத்திரிய வித்தியாசாலை, இத்தகைய மகமையாலும் வீட்டுக்கு வீடு எடுத்துவைத்த பிடியரிசியாலும் வளர்ந்தது. காமராஜர் படித்த பள்ளி அது. சாலையிலே ஓடிய பருத்திப் பொதி ஒரு பள்ளிக்கூடமாக விளைந்தது என்று சொன்னால் மிகையாகாது.

இவ்வளவும் சொல்லிவிட்டு மற்றொன்றை மறைப்பது தர்மமாகாது. வழிப்போக்கர் தங்கும் சாலையோரத்துச் சத்திரங்கள் எல்லாருக்கும் கதவு திறக்கவில்லை. உண்ணும் இலையும் படுக்கும் திண்ணையும் ஜாதியைக் கேட்டே கிடைத்தன. ஒரே சாலையில் ஒரே வெயிலில் நடந்து வந்தவர்களில் சிலர் உள்ளேயும் சிலர் மரத்தடியிலும் இரவைக் கழித்தார்கள்.

ரயில் வந்தது இந்தச் சாலைகளின் திசையையே மாற்றியது. 1876-இல் மதுரைக்கும் தூத்துக்குடிக்கும் இடையே இருப்புப்பாதை திறக்கப்பட்டதும், மலையடிவாரத்து வண்டிகள் கிழக்கே திரும்பி விருதுப்பட்டி, சாத்தூர் நிலையங்களை நாடின. 1927-இல் விருதுநகரிலிருந்து சிவகாசி, ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் வழியாகத் தென்காசிக்கு ரயில் ஓடத் தொடங்கியபின் அந்த நெடிய வண்டிப்பயணமும் குறைந்தது. ராஜபாளையத்தில் 1936-இல் பி. ஏ. சி. ராமசாமி ராஜா நிறுவிய நூலாலையும் அதன்பின் எழுந்த ஆலைகளும் அந்த ஊரின் உருவத்தையே மாற்றின. ராஜபாளையத்துக்கு அருகே மருத்துவக் கட்டுத்துணி நெய்யும் சத்திரப்பட்டி தன் பெயரில் மட்டும் பழைய வழிப்போக்கரை இன்னும் நினைவில் வைத்திருக்கிறது.

மாட்டுவண்டியைக் கிராமப் பொருளாதாரத்தின் ஜீவநாடியாக மதித்த காந்தியப் பொருளாதார அறிஞர் ஜே. சி. குமரப்பா, தம் இறுதி நாட்களைக் கழிக்க இந்தச் சாலையோரத்து டி. கல்லுப்பட்டியைத் தேர்ந்துகொண்டது பொருத்தமே. 1960-இல் அவர் மறைந்தார். அவர் காலத்தில் அந்த ஊரைக் கடந்துபோன வண்டிகளின் கடையாணிச் சத்தத்தை இன்றைய லாரிகளின் இரைச்சலில் யார் கேட்கப்போகிறார்கள்?

சாலை அகலமாவதை நான் எதிர்க்கவில்லை. பிரசவ வேதனையோடு போகிற பெண்ணுக்கு ஒவ்வொரு நிமிஷமும் உயிர். ஆனால் அகலப்படுத்தும்போது பெயர்க்கப்படும் சுமைதாங்கிக் கற்களை இடிபாட்டோடு கொட்டிவிடாமல், பத்தடி தள்ளியாவது மீண்டும் நட்டுவைக்கலாகாதா? அவளைப் போன்ற ஒருத்தியின் பெயரால் நட்ட கல் அல்லவா அது!

ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் சூடிக்களைந்த மாலை சித்திரைதோறும் கள்ளழகருக்காக மதுரைக்குப் பிரயாணமாகிறது. ஆடி அமாவாசைக்கு ஜனங்கள் எதிர்த்திசையில், வத்திராயிருப்பு வழியாகச் சதுரகிரிக்குத் திரளுகிறார்கள். கோடையில் எங்கேனும் ஒரு புளியமரத்தடியில் ஓலைப்பந்தல் போட்டு, ஈரமணலில் பானையைப் பதித்து, யாரோ ஒருவர் மோர் வார்த்துக்கொண்டிருக்கிறார். குடிப்பவரின் ஊரையோ பெயரையோ அவர் கேட்பதில்லை.