வீட்டிலிருந்து மைதானத்திற்கு

பாடசாலைகளில் இல்ல விளையாட்டுப் போட்டி நடைபெறும் நாட்களில் பத்து, பதினொரு வயதுப் பெண் பிள்ளைகள் ஆண் பிள்ளைகளுக்குச் சளைக்காமல் ஓடுவதைக் காண்கின்றோம். அதே பிள்ளைகளைப் பதினைந்து வயதில் தேடினால் மைதானத்தில் காண்பது அரிது. பெரியபிள்ளையானதும் பலர் நின்று விடுகின்றனர். சிலரை ரியூசன் நிறுத்துகிறது. சிலரை ஊரின் வாய் நிறுத்துகிறது. திறமை குறைந்ததால் நின்றவர்கள் மிகச் சிலரே. ஆகவே ஒரு பெண் பிள்ளை விளையாட்டில் முன்னேறுவதற்கு அவளுடைய கால்களும் கைகளும் மட்டும் போதாது, அவள் வாழும் வீடும் அவளோடு சேர்ந்து விளையாட வேண்டும் என்பதை நாம் முதலில் விளங்கிக் கொள்ள வேண்டும்.

இதற்கு நல்லதோர் எடுத்துக்காட்டாக அமைவது தமிழ்நாட்டின் கோயம்புத்தூரில் வளர்ந்த நிருபமா வைத்தியநாதனின் வாழ்க்கையாகும். 1976ஆம் ஆண்டு பிறந்த இவர் ஐந்து வயதிலேயே ரெனிஸ் மட்டையைக் கையில் எடுத்தவர். தந்தையார் கே. எஸ். வைத்தியநாதன் தமிழ்நாட்டு அணிக்காகத் துடுப்பாட்டம் ஆடியவர். அண்ணன் கணேஷ் ரெனிஸ் விளையாடுவார். அண்ணன் விளையாடுவதைப் பார்த்துத் தங்கையும் விளையாடத் தொடங்கினார். மகளுக்குப் பயிற்சி அளித்தவர் தந்தையே.

இங்கு ஒரு விடயம் கவனிக்கத்தக்கது. தந்தை துடுப்பாட்டக்காரர், மகள் ஆடியதோ ரெனிஸ். ஆகவே பிள்ளைக்கு வீட்டிலிருந்து கிடைத்தது ஒரு குறிப்பிட்ட விளையாட்டு மட்டுமல்ல. நேரத்துக்கு எழும்புவது, தோற்ற பின்னும் மறுநாள் பயிற்சிக்குப் போவது, உடம்பைப் பேணுவது ஆகிய பழக்கங்களே அவருக்குக் கிடைத்த சொத்து. சமூகவியலில் இதனைச் சமூகமயமாக்கல் என்போம். குடும்பமே பிள்ளையின் முதற் பாடசாலை என்று எம் முன்னோர் சொன்னதும் இதுவே.

பதினான்கு வயதில் நிருபமா இந்தியாவின் தேசிய மகளிர் சம்பியனானார். அதன் பின்னரே கடினமான பாதை தொடங்கியது. தொழில்முறை ரெனிஸ் என்பது மாதச் சம்பளம் தரும் வேலை அல்ல. வீராங்கனை ஒவ்வொரு வாரமும் ஒவ்வொரு நாட்டுக்குச் சென்று விளையாடிப் புள்ளிகள் சேர்க்க வேண்டும். அந்தப் புள்ளிகளைக் கொண்டே உலகத் தரவரிசையில் அவருடைய இடம் கணிக்கப்படுகிறது. இடம் உயர்ந்தாற்தான் பெரிய போட்டிகளில் நேரடியாக ஆட முடியும். விமானச் சீட்டு, தங்குமிடம், சாப்பாடு எல்லாம் வீராங்கனையின் கைக்காசு. சிறிய போட்டியொன்றில் முதற் சுற்றிலேயே தோற்றால் வந்து போன செலவுக்கும் பரிசுப்பணம் காணாது. பயிற்றுநரையும் கூட்டிச் செல்ல வசதியில்லாத நிருபமா பெரும்பாலும் தனியாகவே நாடு நாடாகச் சென்று விளையாடினார். இளம் பெண் ஒருத்தியை இவ்வாறு தனியாக அனுப்பிவிட்டு ஊருக்குப் பதில் சொல்லிக்கொண்டிருப்பதும் ஒரு குடும்பத்துக்கு இலேசான காரியமல்ல.

அந்த உழைப்பின் பலன் 1998ஆம் ஆண்டு கிடைத்தது. அவுஸ்திரேலியா, பிரான்ஸ், விம்பிள்டன், அமெரிக்கா ஆகிய நான்குமே ரெனிஸ் உலகின் பெருந்தொடர்கள். அவ்வாண்டு அவுஸ்திரேலியத் தொடரின் ஒற்றையர் முதற் சுற்றில் இத்தாலியைச் சேர்ந்த குளோரியா பிசிச்சினியை நிருபமா வென்றார். 1968 முதல் இத்தொடர்கள் தொழில்முறை ஆட்டக்காரர்களுக்கும் திறந்து விடப்பட்ட பின்னர், ஒற்றையர் பிரதான சுற்றில் வெற்றி பெற்ற முதல் இந்தியப் பெண் இவரே. அதே ஆண்டு பாங்கொக் நகரில் நடைபெற்ற ஆசிய விளையாட்டு விழாவில் மகேஷ் பூபதியுடன் இணைந்து கலப்பு இரட்டையரில் வெண்கலப் பதக்கம் பெற்றார். 2000ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கிலும் கலந்து கொண்டார். திருமணமாகி ஒரு பெண் குழந்தைக்குத் தாயான பின்னர் மீண்டும் மட்டையைக் கையில் எடுத்து, 2010இல் டில்லியில் நடைபெற்ற பொதுநலவாய விளையாட்டு விழாவில் இந்திய அணியில் இடம்பிடித்தார். பிள்ளை பெற்றதும் பெண்ணின் ஓட்டம் முடிந்தது என்று நினைப்பவர்களுக்கு இது தக்க பதிலாகும்.

விளையாட்டுக் குடும்பங்கள் தமிழ்நாட்டு ரெனிஸுக்குப் புதியவை அல்ல. ரி. கே. இராமநாதன் தன் மகன் கிருஷ்ணனுக்குப் பயிற்சி அளித்தார். கிருஷ்ணன் 1960இலும் 1961இலும் விம்பிள்டன் அரையிறுதி வரை சென்றார். அவருடைய மகன் ரமேஷ் 1986இல் அங்கே காலிறுதியில் ஆடினார். மூன்று தலைமுறையாகத் தந்தையிடமிருந்து மகனுக்குச் சென்ற சொத்து இது. பெரும்பாலான வீடுகளில் விளையாட்டு இவ்வாறு ஆண் பிள்ளைக்கே கொடுக்கப்பட்டது. அண்ணனுக்குக் கிடைத்த மட்டை தங்கைக்கும் கிடைத்தது என்பதே நிருபமாவின் வீட்டின் சிறப்பு.

தந்தை மட்டுந்தான் இதனைச் செய்ய முடியும் என்பதுமில்லை. சென்னையில் மாகி அமிர்தராஜ் என்ற தாய் அட்டைப்பெட்டி செய்யும் தொழிற்சாலை ஒன்றை நடத்திக்கொண்டே ஆனந்த், விஜய், அசோக் என்ற மூன்று மகன்மாரையும் ரெனிஸ் ஆட்டக்காரர்களாக்கினார். நடுவிலான் விஜய் சிறு வயதில் அடிக்கடி வைத்தியசாலையில் கிடந்த நோயாளிப் பிள்ளை. அந்தப் பிள்ளையே 1973இல் விம்பிள்டன் காலிறுதியில் ஆடினார். ஹைதராபாத்தில் வளர்ந்த சானியா மிர்சாவுக்கும் தந்தையே பயிற்றுநர். சானியா 2015இல் இரட்டையர் தரவரிசையில் உலகின் முதலிடத்தைப் பெற்றார். 2018இல் மகனைப் பெற்று, 2020 ஜனவரியில் மீண்டும் ஆட வந்து முதற் போட்டியிலேயே இரட்டையர் கிண்ணத்தை வென்றார்.

இவையெல்லாம் வசதியுள்ளவர்களின் கதைகள், எமக்கு எப்படிப் பொருந்தும் என்று சகோதரிகள் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. எமது கிராமங்களில் ரெனிஸ் திடலைக் காண்பதே அரிது. ஆனால் வலைப்பந்தாட்டத்துக்கு ஒரு பந்தும் இரண்டு கம்பங்களும் போதும். புன்னாலைக்கட்டுவன், ஈவினையைச் சேர்ந்த தர்ஜினி சிவலிங்கம் போர்க் காலத்தில் வளர்ந்தவர். பெண் பிள்ளை அளவுக்கு மீறி வளர்ந்தால் மாப்பிள்ளை எடுக்க முடியாது என்று கவலைப்படும் ஊர்கள் எங்களுடையவை. தர்ஜினியின் ஆறடி பத்தங்குல உயரமோ இலங்கை அணியின் பலமானது. 2009இலும் 2018இலும் ஆசியக் கிண்ணத்தை வென்ற அணிகளில் அவர் ஆடினார். 2011ஆம் ஆண்டு உலகக் கிண்ணப் போட்டியில் சிறந்த கோல் போடும் வீராங்கனையாகவும் தெரிவானார். தெல்லிப்பளை மகாஜனாக் கல்லூரியில் படித்த அனித்தா ஜெகதீஸ்வரன் கோலூன்றிப் பாய்தலில் இலங்கைச் சாதனையை நிலைநாட்டினார். ஆகவே எமது மண்ணில் முடியாது என்று சொல்வதற்கு இனி இடமில்லை.

எனினும் எமது வீடுகளுக்கென்று ஒரு தனிச் சுமை உண்டு. கடைசி யுத்தத்தில் கணவனை இழந்து, தையல் வேலை செய்து பிள்ளைகளை வளர்க்கும் தாய் ஒருவரை எனது பணியின்போது சந்தித்தேன். பதின்மூன்று வயது மகள் கோட்டமட்ட ஓட்டத்தில் முதலிடம். பின்னேரப் பயிற்சிக்கு விடத் தாய்க்கு மனமில்லை.

"தகப்பன் இருக்கிற வீடெண்டா ஆரும் ஒண்டும் சொல்லமாட்டினம் மிஸ். நான் விட்டா, தாய் அடக்கி வளர்க்கேல்லை எண்டுதான் சொல்லுவினம். அவளுக்கு ஒரு காயம் பட்டாலும் பாக்க நான் ஒராள்தானே" என்றார்.

இந்தத் தாயின் பயத்தை அறியாமை என்று ஒதுக்கி விட முடியாது. பெண் தலைமை தாங்கும் குடும்பத்தை ஊர் இரண்டு மடங்கு கண்காணிக்கிறது. தகப்பனின் துணையோடு வளர்ந்த நிருபமாவுக்குக் கிடைத்ததை இந்தப் பிள்ளைக்குத் தாய் தனியே கொடுக்க வேண்டியிருக்கிறது. ஆகவே நாங்கள் "விடுங்கோ" என்று சொல்வதோடு நிற்கவில்லை. அயலில் அதே பாடசாலைக்குப் போகும் இன்னும் இரண்டு பிள்ளைகளின் தாய்மாரையும் அழைத்துப் பேசினோம். பிள்ளைகள் மூவரும் ஒன்றாகப் போய் ஒன்றாக வருவது, ஆறு மணிக்கு முன் வீடு திரும்புவது, வாரத்தில் ஒரு நாள் முறை வைத்து ஒரு தாய் மைதானத்துக்குப் போவது என்று அவர்களே முடிவெடுத்தனர். அந்தப் பிள்ளை இன்றும் ஓடுகிறாள். அவள் பதக்கம் பெறுவாளோ தெரியாது. ஆனால் தாய் இப்போது மைதானத்து மதிலருகே நின்று மற்றத் தாய்மாரோடு கதைத்துச் சிரிப்பதை நான் கண்டிருக்கின்றேன். வீட்டுக்குள்ளேயே இருந்த அவருக்கும் அது ஒரு வெளியாகியிருக்கிறது.

தாய்மார் கவனிக்க வேண்டிய சில விடயங்கள் உண்டு. உடற்கல்வி ஆசிரியரையும் பிரதேச செயலகத்து விளையாட்டு உத்தியோகத்தரையும் நேரில் சந்தித்துப் பயிற்சி எங்கே, எத்தனை மணிக்கு, யாருடைய பொறுப்பில் நடக்கிறது என்று கேட்டறியுங்கள். கேட்பது உங்கள் உரிமை. பிள்ளை மனம் கூசும்படி யாராவது நடந்தால் அதனை வீட்டில் வந்து சொல்லும் துணிவை அவளுக்குக் கொடுங்கள். சொன்னதற்காக விளையாட்டை நிறுத்தி விடாதீர்கள். நிறுத்தினால் அடுத்த முறை அவள் சொல்ல மாட்டாள். மாதவிடாய் நாட்களில் நோ இல்லாவிட்டால் ஓடுவதும் விளையாடுவதும் உடம்புக்குக் கெடுதி அல்ல. காலையில் பயறு, கடலை, முட்டை என்று கையில் உள்ளதைக் கொடுங்கள், மகனுக்குக் கொடுக்கும் அளவிலேயே கொடுங்கள். சான்றிதழ்களைக் கவனமாகச் சேர்த்து வையுங்கள். உயர்தரத்தில் தேறியவர்களில் தேசிய மட்டத்தில் விளையாட்டில் திறமை காட்டியவர்களுக்குப் பல்கலைக்கழக அனுமதியில் விசேட ஏற்பாடு உண்டு. படிப்பும் விளையாட்டும் ஒன்றுக்கொன்று பகையல்ல.

எல்லாப் பிள்ளைகளும் நிருபமாவாகவோ தர்ஜினியாகவோ வரப் போவதில்லை. வர வேண்டும் என்பதுமில்லை. இழப்பையும் இடப்பெயர்வையும் கண்ட எமது பிள்ளைகள் தோற்றால் மீண்டும் எழும்பலாம் என்பதை மைதானத்தில் பழகிக்கொள்வார்களாயின் அதுவே பெரிய செல்வம். உங்கள் மகள் பின்னேரத்தில் சப்பாத்தைக் கையில் எடுத்துக்கொண்டு வாசலில் நிற்கும்போது, போகாதே என்று சொல்வதற்கு முன், யாரோடு போகிறாய், எத்தனை மணிக்கு வருவாய் என்று கேளுங்கள். பதில் சரியாக இருந்தால் படலையைத் திறந்து விடுங்கள்.