மணாலி - லே மிதிவண்டி வழித்தடம்

மணாலி - லே மிதிவண்டி வழித்தடம் என்பது இந்தியாவின் இமாச்சலப் பிரதேசத்தில் உள்ள மணாலி நகரையும் லடாக்கின் தலைநகரான லே நகரையும் இணைக்கும் மலைச்சாலையில் அமைந்த நெடுந்தூர மிதிவண்டிப் பயண வழி ஆகும். ரோத்தங் கணவாய் வழியாகச் சென்றால் இதன் நீளம் ஏறத்தாழ 475 கிமீ ஆகும். வழியில் ஐந்து கணவாய்களைக் கடக்க வேண்டும். அவற்றுள் லாச்சுங் லா, தங்லங் லா ஆகிய இரண்டும் 5000 மீட்டருக்கும் மேற்பட்ட உயரம் கொண்டவை. ஐரோப்பாவின் ஆல்ப்சு மலைத்தொடரின் மிக உயர்ந்த சிகரமான மோன் பிளாங்கை விடவும் உயரமானவை. பெரும்பாலான மிதிவண்டிப் பயணிகள் இவ்வழியைக் கடக்க எட்டு முதல் பத்து நாட்கள் எடுத்துக்கொள்கின்றனர்.

இச்சாலை தேசிய நெடுஞ்சாலை 3 இன் ஒரு பகுதியாகும். எல்லைச் சாலைகள் அமைப்பு இதனைப் பேணுகின்றது. லடாக்கில் உள்ள படையினருக்குப் பொருட்கள் கொண்டுசெல்லும் வழிகளுள் இதுவும் ஒன்று என்பதால், கோடையில் நீண்ட சரக்குந்து வரிசைகளை இதில் காணலாம்.

பெயர்கள்

திபெத்திய மொழியில் "லா" என்பது கணவாயையும் "சோ" என்பது ஏரியையும் குறிக்கும். ஆகவே "தங்லங் லா கணவாய்" என்று எழுதுவது கூறியது கூறலே. இந்தி வழக்கில் ஏரி "தால்" எனப்படுகிறது. வழியின் தெற்குப் பகுதியில் தால்களும் வடக்குப் பகுதியில் சோக்களும் வருவதைக் கொண்டே பயணி எந்த மொழிச்சூழலுக்குள் நுழைகிறார் என்பதை உணரலாம். ரோத்தங் என்னும் பெயருக்குப் பிணக்குவியல் என்று பொருள் கூறுவர். பனிப்புயலில் சிக்கி அங்கு உயிரிழந்தோர் பலர்.

வழியின் அமைப்பு

மணாலி (சுமார் 2050 மீ) பியாசு ஆற்றின் பள்ளத்தாக்கில், தேவதாரு மரங்களுக்கு நடுவே அமைந்துள்ளது. இங்கிருந்து ரோத்தங் கணவாய் (3978 மீ) வரை 51 கிமீ தொடர்ச்சியான ஏற்றம். சராசரிச் சரிவு நான்கு விழுக்காட்டிற்குச் சற்றே குறைவு என்பதால் ஏற்றம் கடினமானதன்று; ஆனால் நீண்டது. 2020 அக்டோபர் 3 அன்று திறக்கப்பட்ட 9.02 கிமீ நீளமுள்ள அடல் சுரங்கப்பாதை, மலைக்கு அடியில் சுமார் 3100 மீட்டர் உயரத்தில் செல்கிறது. இது பயணத்தொலைவை 46 கிமீ குறைத்தது. சரக்குந்துகளும் பேருந்துகளும் சுரங்கத்திற்கு மாறிவிட்டதால், முன்பு புகையும் சேறுமாக இருந்த ரோத்தங் சாலை மிதிவண்டிக்கு உகந்ததாக மாறியுள்ளது.

ரோத்தங்கிற்கு அப்பால் லாகௌல் பள்ளத்தாக்கு தொடங்குகிறது. சாலை சந்திரா ஆற்றை ஒட்டிச் சென்று தண்டியை அடைகிறது. இங்கு சந்திரா, பாகா ஆகிய ஆறுகள் கூடிச் செனாப் ஆறாகின்றன. அடுத்த பெட்ரோல் நிலையம் 365 கிமீ தொலைவில் உள்ளது என்று அறிவித்த தண்டியின் பலகை பெயர்பெற்றது. மிதிவண்டி ஓட்டுவோருக்கு அது பொருட்டன்று. பின்னர் சாலை பாகா ஆற்றின் வழியே கேலாங், ஜிஸ்பா, தார்ச்சா ஆகிய ஊர்களைக் கடந்து மேலேறுகிறது. தார்ச்சாவே ஆண்டு முழுவதும் மக்கள் வாழும் கடைசி ஊர்களுள் ஒன்று. அதன்பின் ரும்ட்சே வரை சுமார் 250 கிமீ தொலைவிற்குக் கோடைகாலக் கூடாரங்களும் படைமுகாம்களும் மட்டுமே உள்ளன.

தார்ச்சாவிற்கு மேலே தீபக் தால் என்னும் சிறிய ஏரியும், பாரலாச்சா லாவிற்குச் (சுமார் 4890 மீ) சற்றுக் கீழே சூரஜ் தால் என்னும் ஏரியும் உள்ளன. பாகா ஆறு சூரஜ் தாலில் இருந்தே பிறக்கிறது. தண்டியில் பேராறாகக் கண்ட நீரை அதன் ஊற்று வரை சக்கரத்தால் பின்தொடர்ந்து செல்வது இவ்வழியின் தனிச்சிறப்பு.

பாரலாச்சாவைக் கடந்ததும் நிலத்தோற்றம் முற்றிலும் மாறுகிறது. பருவமழை எட்டாத மழைமறைவுப் பகுதி இது, மரங்கள் இல்லை. சர்ச்சுவை அடுத்து லடாக் ஒன்றியப் பகுதி தொடங்குகிறது. இங்கிருந்து கட்டா வளைவுகள் எனப்படும் 21 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி நாகீ லாவையும் (சுமார் 4740 மீ), அதன்பின் லாச்சுங் லாவையும் (சுமார் 5060 மீ) கடந்தால் பாங் முகாம் வரும். பாங்கிற்கு மேலே சுமார் 4700 மீட்டர் உயரத்தில் 40 கிமீ நீளத்திற்கு மோரே சமவெளி விரிந்துள்ளது. நேரான சமதளச் சாலை என்றாலும், பிற்பகலில் வீசும் எதிர்க்காற்று இதனை ஏற்றத்தை விடக் கடினமாக்கிவிடும். சோ கார் என்னும் உவர்நீர் ஏரிக்குச் செல்லும் கிளைப்பாதை இங்கிருந்து பிரிகிறது. அடுத்து வரும் தங்லங் லா (சுமார் 5320 மீ) இவ்வழியின் மிக உயர்ந்த இடம். அங்கிருந்து ரும்ட்சே, கியா ஆகிய ஊர்களின் வழியாக உப்ஷியில் சிந்து ஆற்றை அடைந்து, திக்சே மடாலயத்தைக் கடந்து லே (சுமார் 3500 மீ) செல்லலாம்.

உயர மலை நோய்

இவ்வழியில் சரிவோ தொலைவோ முதன்மையான இடர் அன்று; காற்றழுத்தக் குறைவே இடர். 5300 மீட்டரில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் ஏறத்தாழ பாதியே. எனவே ஒவ்வொரு மூச்சிலும் உடலுக்குக் கிடைக்கும் ஆக்சிசனும் அந்த அளவிற்குக் குறைகிறது. உடல் இதற்கு ஈடாக மூச்சு வேகத்தைக் கூட்டி, சில நாட்களில் தன்னை இணக்கிக்கொள்ளும். அதற்கு நேரம் அளிக்காமல் மேலேறுவோருக்குத் தலைவலி, குமட்டல், உறக்கமின்மை, சோர்வு ஆகியவை தோன்றும். நோய் முற்றினால் நுரையீரலில் அல்லது மூளையில் நீர் கோத்து இறப்பு நேரலாம். நல்ல உடற்பயிற்சி உடையவர் இதற்கு விலக்கல்லர். வேகமாக ஏற வல்லவர் என்பதால் அவருக்கே இடர் கூடுதல் எனலாம்.

3000 மீட்டருக்கு மேல், இரவு தங்கும் உயரத்தை நாளொன்றுக்கு 500 மீட்டருக்கு மிகாமல் உயர்த்துவதே பொதுவான மருத்துவ அறிவுரை. ஆனால் இவ்வழியின் நில அமைப்பு அதற்கு எளிதில் இடங்கொடுப்பதில்லை. தார்ச்சா (சுமார் 3360 மீ) முதல் சர்ச்சு (சுமார் 4290 மீ) வரை ஒரே நாளில் செல்வோர் உண்டு; இது ஓரிரவில் 900 மீட்டருக்கும் மேற்பட்ட உயர்வு. கேலாங்கிலோ ஜிஸ்பாவிலோ ஒருநாள் கூடுதலாகத் தங்கி, பின்னர் சுமார் 3800 மீட்டரில் உள்ள பட்சியோவில் ஓர் இரவு கழிப்பது இதனைத் தணிக்கும்.

இதனினும் முக்கியமான ஒன்று உண்டு. உயர மலை நோய்க்கு உறுதியான மருந்து கீழே இறங்குவதே. ஆனால் பாரலாச்சாவிற்கும் தங்லங் லாவிற்கும் இடையே சாலை சுமார் 4200 மீட்டருக்குக் கீழே இறங்குவதில்லை. பாங்கில் நோயுற்றவர் எத்திசையில் சென்றாலும் முதலில் 5000 மீட்டரைத் தாண்டி மேலேறியே கீழிறங்க முடியும். ஆகவே பாரலாச்சாவிற்கு முன்பே அறிகுறி உள்ளவர் அங்கேயே நின்றுவிட வேண்டும். நோய் முற்றியவரை மிதிவண்டியில் செல்ல விடாமல், கிடைக்கும் ஊர்தியில் ஏற்றி அனுப்புவதே முறை. பாங்கில் உள்ள படைமுகாமில் மருத்துவ உதவியும் ஆக்சிசனும் கிடைக்கும்.

வானூர்தியில் லேக்கு வந்து தெற்கு நோக்கிப் புறப்படுவோர், இரண்டு மூன்று நாட்கள் ஓய்வெடுத்த பின்னரே தங்லங் லாவை நோக்கிச் செல்ல வேண்டும்.

காலமும் ஆயத்தமும்

பனியால் மூடப்படும் இச்சாலை பொதுவாக மே மாதத்தில் திறக்கப்படுகிறது. மிதிவண்டிக்கு ஏற்ற காலம் சூன் முதல் செப்டம்பர் வரை. சூலை, ஆகத்து மாதங்களில் மணாலிப் பக்கம் நிலச்சரிவுகள் நேர்கின்றன. பனி உருகிவரும் ஓடைகள் சாலையைக் குறுக்கிடும் இடங்களில் காலையில் கணுக்கால் அளவாக இருக்கும் நீர், பிற்பகலில் முழங்காலைத் தாண்டும். எனவே ஓடைகளைக் காலையிலேயே கடந்துவிடுவது நல்லது.

பரத்பூர், சர்ச்சு, பாங் ஆகிய இடங்களில் உள்ள கூடாரக் கடைகளில் சோறு, பருப்பு, முட்டை, தேநீர், படுக்கை ஆகியவை கிடைக்கும். செப்டம்பர் இறுதியில் இவை கலைக்கப்படத் தொடங்கும்; அதன்பின் செல்வோர் உணவும் கூடாரமும் சுமந்தே செல்ல வேண்டும். உதிரிப் பாகங்களை வழியில் எதிர்பார்க்க இயலாது. டியூப்கள், சக்கரக் கம்பிகள், சங்கிலி இணைப்பு, பிரேக் கட்டைகள் ஆகியவற்றை மணாலியிலேயே வாங்கிக்கொள்ளலாம். தங்லங் லாவில் இருந்து ரும்ட்சே வரையிலான நீண்ட இறக்கத்தில் பிரேக்கை இடைவிடாது அழுத்தினால் சக்கர வளையம் சூடேறி டியூப் வெடிக்கக்கூடும். இடையிடையே நின்று, வளையத்தை ஆறவிட்டு இறங்க வேண்டும்.

புதிய சாலைகள்

தார்ச்சாவில் இருந்து பிரிந்து சிங்கு லா வழியாகச் சன்சுகார் பள்ளத்தாக்கில் இறங்கி, நிம்மூவில் சிந்து ஆற்றை அடையும் மற்றொரு சாலையும் உள்ளது. சிங்கு லாவின் அடியில் 4.1 கிமீ நீளச் சுரங்கம் அமைக்கும் பணி 2024 சூலையில் தொடங்கியது. சரக்குந்துகள் அவ்வழிக்கு மாறுமானால், பாரலாச்சா சாலையும் ரோத்தங்கைப் போல ஓசை அடங்கக்கூடும். ஆனால் அச்சரக்குந்துகளை நம்பியே கூடாரக் கடைகள் பல நடக்கின்றன.