ஒரு கிரவுண்டில் எத்தனை வீடு?

சென்னையில் மனை வாங்குபவரும் விற்பவரும் பேசுவது கிரவுண்டுக் கணக்கில்தான். ஒரு கிரவுண்டு 2,400 சதுர அடி. அதில் எவ்வளவு கட்டலாம் என்பதைத் தீர்மானிப்பது தளப்பரப்புக் குறியீடு. கட்டடத் தொழிலில் இருப்பவர்கள் இதை எஃப்.எஸ்.ஐ என்பார்கள். எல்லாத் தளங்களின் பரப்பையும் கூட்டி மனையின் பரப்பால் வகுத்தால் கிடைக்கும் எண் இது. ஸ்டில்ட்டில், அதாவது தூண்கள் மட்டும் நிற்கும் தரைத்தளத்தில், கார் நிறுத்தும் இடம் இந்தக் கணக்கில் சேராது.

சாதாரணக் குடியிருப்புகளுக்குச் சென்னையில் இந்த எண் நெடுங்காலம் 1.5 ஆக இருந்தது. அதாவது ஒரு கிரவுண்டில் 3,600 சதுர அடி. 1,200 சதுர அடி வீடு என்றால் மூன்று. 2019 பிப்ரவரியில் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் வந்தபோது இது 2 ஆனது. அதே மனையில் இப்போது 4,800 சதுர அடி, நான்கு வீடு.

மனையின் விலை இரண்டு கோடி என்று வைத்துக்கொள்வோம். மூன்று வீடு கட்டினால் ஒவ்வொரு வீட்டின் தலையிலும் நிலத்துக்காக மட்டும் 66 லட்சத்துக்கு மேல் ஏறும். நான்கு கட்டினால் 50 லட்சம். மாதச் சம்பளத்தில் வீட்டுக் கடன் கட்டும் குடும்பத்துக்கு இந்த வித்தியாசம் சிறிதல்ல.

ஆனால் குறியீடு உயர்ந்ததும் நிலத்தின் சொந்தக்காரர் சும்மா இருப்பாரா? "இப்போது நாலு வீடு கட்டலாமே" என்று விலையை ஏற்றுவார். கூடுதல் தளத்தின் பலன் வீடு வாங்குபவருக்குப் போகாமல் மனை விலையிலேயே கரைந்துவிடும். இதைத் தடுக்க ஒரே வழி, அனுமதியைப் பரவலாகத் தருவது. நகரமெங்கும் நான்கு வீடு கட்டலாம் என்றால் யாரும் நினைத்தபடி விலை சொல்ல முடியாது. ஒன்றிரண்டு சாலைகளில் மட்டும் அனுமதித்தால் அந்தச் சாலை மனைகளுக்குத்தான் யோகம்.

நம் விதிகளோ சாலை அகலத்தை வைத்தே உயரத்தை அளக்கின்றன. 18 மீட்டர், அதாவது ஏறத்தாழ 60 அடிச் சாலை இருந்தால் அடுக்குமாடிக் கோபுரங்களுக்குக் குறியீடு 3.25. கட்டணம் செலுத்தினால் பிரீமியம் எஃப்.எஸ்.ஐ என்று இன்னும் 50 சதவீதம் கிடைக்கும். சாலை 12 மீட்டருக்கு மேல் என்றால் 40, 9 மீட்டருக்கு மேல் என்றால் 30. தீயணைப்பு வண்டி நுழைய வேண்டும் என்பதால் இந்த விதியில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் மாம்பலத்திலும் மயிலாப்பூரிலும் 20 அடித் தெருக்கள்தான் அதிகம். ரயில் நிலையத்துக்கு நடந்தே போய்விடக்கூடிய இந்தத் தெருக்களுக்கு பிரீமியம் சலுகை எட்டாது.

நகருக்குள் கட்ட இடம் தராவிட்டால் மக்கள் வராமல் இருந்துவிடுவார்களா? தெற்கே கூடுவாஞ்சேரிக்கும் திருப்போரூருக்கும் போகிறார்கள். ஏரிக்கரையும் சதுப்பு நிலமும் மனையாகின்றன. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் பெரும்பகுதி இப்படித்தான் போயிற்று; மிஞ்சியதற்கு 2022-இல்தான் பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலம் என்ற ராம்சர் அங்கீகாரம் கிடைத்தது. ஏழைகளின் கதை இன்னும் கொடியது. நகரின் நடுவே குடிசையில் இருந்தவர்களைக் கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் கொண்டுபோய் இறக்கினோம். வீட்டு வேலைக்குப் போகும் பெண்களுக்கு அன்றாடம் மணிக்கணக்கில் பஸ் பயணம். நகருக்குள் நெருக்கமாகக் கட்டுவதை எதிர்ப்பவர்கள் இந்தக் கணக்கையும் பார்க்க வேண்டும்.

அவர்களின் பயத்தில் உண்மையே இல்லை என்று சொல்லமாட்டேன். பழைய நான்கு வீட்டுக் கட்டடத்தை இடித்து எட்டு வீடாகக் கட்டும் தெருவைப் பாருங்கள். சம்ப் பெரிதாகிறது, மோட்டார் பெரிதாகிறது. தெருவில் ஓடும் குடிநீர்க் குழாயும் கழிவுநீர்க் குழாயும் அதே பழைய குழாய்கள். காலையில் லாரித் தண்ணீர் வந்து தெருவை அடைத்து நிற்கும். நிலத்தடி நீர் இறங்கும். 2019 கோடையில் ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவந்ததை யார் மறப்பார்கள்?

இடித்துக் கட்டுவது இனி வேகமெடுக்கும். 2024 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டப்படி, மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் பழைய கட்டடத்தை இடித்துக் கட்டலாம். முன்பு ஒருவர் முரண்டு பிடித்தாலே வேலை நின்றுவிடும். புதிதாக வீடு கூடும்போது நிலத்தில் ஒவ்வொருவருக்கும் உள்ள பிரிக்கப்படாத பங்கு (யூ.டி.எஸ்) குறையும். ஒப்பந்தத்தில் கையெழுத்திடுமுன் அந்த எண்ணைக் கட்டாயம் பாருங்கள்.

குறை அடர்த்தியில் இல்லை. அனுமதி மனை மனையாகக் கொடுக்கப்படுகிறது. குழாயோ தெருத் தெருவாகப் போட வேண்டியது. பிரீமியம் எஃப்.எஸ்.ஐ-க்கு அரசு வாங்கும் கட்டணம் வழிகாட்டி மதிப்பை ஒட்டிக் கணக்கிடப்படுகிறது. சிறு தொகை அல்ல. எந்தத் தெருவில் அந்தப் பணம் வாங்கப்பட்டதோ அந்தப் பகுதியின் குழாய்க்கும் மழைநீர் வடிகாலுக்கும் அதைச் செலவிட வேண்டும். எவ்வளவு வசூல், எங்கே செலவு என்பது வார்டு வாரியாக மக்களுக்குத் தெரிய வேண்டும்.

2008-இல் ஒப்புதல் பெற்ற இரண்டாம் முழுமைத் திட்டத்தின் காலம் 2026-உடன் முடிகிறது. அடுத்த இருபது ஆண்டுகளுக்கான மூன்றாம் திட்டத்தைச் சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம் தயாரித்துவருகிறது. அதன் வரைவு கருத்துக் கேட்புக்கு வரும்போது "எங்கள் தெருவில் வேண்டாம்" என்று மட்டும் எழுதி அனுப்பாதீர்கள். "கட்டட்டும், குழாயை எப்போது மாற்றுவீர்கள்?" என்று தேதி கேட்டு எழுதுங்கள்.