மடுவத்துத் தராசும் கொழும்பு ஏலமும்

நல்லதண்ணிப் பக்கத் தேயிலைத் தோட்டத்து மடுவத்தில் கொழுந்து நிறுக்கிறார்கள். கணக்கப்பிள்ளைக்கு அந்தக் கிலோ, கொய்தவருக்கு இன்று முழுப் பேரா அரைப் பேரா (முழுநாள் சம்பளமா அரைநாள் சம்பளமா) என்று முடிவுசெய்யும் எண். ஸ்டோருக்கு, அதாவது தேயிலைத் தொழிற்சாலைக்கு, போனால் கணக்கே வேறு: வாட்டி, அரைத்து, புளிக்கவைத்து, சுட்டு, சலித்தால் ஏறக்குறைய நாலரைக் கிலோ கொழுந்துக்கு ஒரு கிலோ தூள்தான் தேறும். தரகருக்கு அது பட்டியலில் ஒரு லாட். கப்பல்காரருக்கோ கொள்கலனில் இத்தனை மூட்டை.

தோட்டம், ஸ்டோர், லொறி, களஞ்சியம், தரகு, வங்கி, கப்பல் என ஏழு தொழில்கள் சேர்ந்து நடத்தும் ஒரே சேவை இது. இப்படிப்பட்ட ஒன்றைக் கணினியில் ஏற்றுமுன், யார் யாருக்கு எதைக் கொடுக்கிறார், பதிலுக்கு எதை வாங்குகிறார் என்று வரைந்துகொள்வார்கள். அந்த வரைவுதான் சேவை மாதிரி. எல்லோரும் ஒரே அளவையில் பேசுங்கள் என்று கட்டளையிடும் மாதிரி உருப்படாது. அவரவர் கணக்கு அவரவருக்கு. கைமாறும் இடத்தில் மட்டும் பொது அடையாளம் வேண்டும். தேயிலையில் அது மூட்டையிலேயே இருக்கிறது: தோட்டத்தின் மார்க், தரம் (பிஓபி, டஸ்ட் என்பவை), இன்வாய்ஸ் எண், நிகர எடை. கொழும்பில் சுவைஞர் உறிஞ்சித் துப்பும் மாதிரித் தேநீரும் அந்த எண்ணோடுதான் மேசைக்கு வருகிறது.

இந்த ஒழுங்கின் பலம் 2020இல் தெரிந்தது. 1883 முதல் கூவி நடந்த கொழும்பு ஏலம், கொரோனா ஊரடங்கில் சில வாரங்களுக்குள், ஏப்ரலிலேயே, இணையத்துக்கு மாறியது. மாறியது சுத்தியல் மட்டும்தான். பட்டியல், மாதிரித் தேநீர், தரகர், பணம் கட்டும் முறை எல்லாம் ஏற்கெனவே தெளிவாக இருந்ததால் திரை எளிதாகப் பொருந்திக்கொண்டது.

ஆனால் இந்தச் சங்கிலியில் ஓர் அறுந்த கண்ணி உண்டு. ஒரு லாட் எந்தத் தோட்டத்துத் தூள் என்று சொல்லலாம். வாட்டும் தொட்டியில் தோட்டத்தின் பல மலைக் கொழுந்தும் கலந்துவிடுவதால், யார் கொய்தது என்று சொல்ல முடியாது. விலைக்கும் சம்பளத்துக்கும் நேர்த் தொடர்பும் இல்லை. ஏலத்தில் விலை வாரந்தோறும் ஏறி இறங்கும். நாட்சம்பளத்தைச் சம்பள நிர்ணய சபை முடிவுசெய்யும், 2024இல் அது 1,350 ரூபாய். தேயிலைச் சேவையை வரைகிறவர் ஸ்டோர் வாசலில் தொடங்கினால் படம் அரைகுறைதான். முதல் கட்டத்தை மடுவத்தில் போடுங்கள்.